இடக்கால் பூட்ஸ்

ஜெனரல் லுஷியஸ் தார்ன்பரிக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு சட்டை. பன்னிரண்டும் வெள்ளை. பன்னிரண்டுக்கும் கஞ்சி போட வேண்டும், காலர் மட்டும் தகடு மாதிரி நிற்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு எல்லையில் இருந்த மெரிடித் கோட்டையில் ஒன்பது வருஷமாக அந்தச் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தவள் ஹனோரா டுவோமி. குதிரைப்படையின் சி கம்பெனி சார்ஜென்ட் கார்னி டுவோமியின் மனைவி. விதவை என்றுகூட அவளைச் சொல்ல முடியாது. கோட்டைப் பதிவேட்டின்படி அவள் ஓடிப்போனவன் பெண்டாட்டி.

ஆறு வாரத்துக்கு முன்னால், அக்டோபர் பத்தாம் தேதி, முள்மேட்டில் லக்கோட்டா என்ற பழங்குடிக்காரர்களோடு நடந்த சண்டையைப் பற்றி ஜெனரல் தன் கைப்பட ரிப்போர்ட் எழுதினார். முதல் வேட்டு வெடித்ததுமே சார்ஜென்ட் டுவோமி குதிரையைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான், அவனைப் பார்த்து இடதுபக்க வரிசை குலைந்தது, அதனால் பதினோரு பேர் மாண்டார்கள். நாலே வரி. அந்த நாலு வரியில் பதினோரு சாவும் கார்னியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

பதினோரு பேருக்கும் முறைப்படி அடக்கம் நடந்தது. குதிரைப்படையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவனின் குதிரைக்குச் சேணம் கட்டி, ஏறுகிறவன் கால் வைக்கிற அங்கவடியில் அவன் பூட்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, ஆளில்லாமல் நடத்திப் போவார்கள். அது வரும்போது சிப்பாயானாலும் ஜெனரலானாலும் கையைத் தொப்பிக்கு உயர்த்த வேண்டும். குதிரை கடந்துபோகிறவரை இறக்கக் கூடாது. பதினோரு குதிரைகள் போனதையும் ஹனோரா விறகுக் கொட்டகை மறைவில் நின்றுதான் பார்த்தாள். பக்கத்தில் வர அவளுக்கு அனுமதி இல்லை.

சலவைக்காரிகள் வரிசையில் அவளோடு ஒருத்தியும் பேசுவதில்லை. அண்டை வீட்டு தெக்லா போம், மாண்ட பதினோரு பேரில் ஒருவனான அன்டனின் மனைவி, இரண்டு பேரும் ஏழு வருஷம் ஒரே தொட்டியில் துணி அலசியவர்கள், ஒருநாள் அவள் காயப்போட்டிருந்த துணியெல்லாம் கீழே இழுத்துப் போட்டு மிதித்தாள். "உன் புருஷன் உசிரு வெல்லக்கட்டி, என் புருஷன் உசிரு உமியா?" என்று கத்தினாள். ஹனோரா துணிகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி அலசினாள். சனிக்கிழமை போகிற சரக்கு வண்டியில் ஏறிக் கோட்டையை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு உத்தரவும் ஆகிவிட்டது.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அழுது அழுது ஓய்ந்த ஒரு நாளில் அவளே நம்பிவிட்டாள். ஓடித்தான் போயிருப்பானோ? எங்கேயோ ஒரு ஊரில் வேறு பெயரில் சாராயக்கடையில் உட்கார்ந்திருப்பானோ? அப்படி நினைத்ததற்காக அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு.

வியாழக்கிழமை காலை, லாடம் அடிக்கிற லோரன்ஸ் ஹௌக் ஆள் அனுப்பினார். அவள் லாயத்துக்குப் போனபோது எலும்பும் தோலுமாக ஒரு சாம்பல் குதிரை நின்றது. சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கியது. வார் அழுத்தின இடத்திலெல்லாம் ரோமம் போய்ப் புண்.

"விறகு வெட்டுறவங்க புடிச்சாந்தாங்க. ஆறு வாரமா அங்கயே மேஞ்சு திரிஞ்சு, கடைசியில ஆத்தங்கரைப் புதர்ல சிக்கிக் கெடந்திருக்கு," என்றார் ஹௌக். "கார்னி ஏறிப் போன குதிரைம்மா. நான் எதையும் தொடல. இடது அங்கவடியப் பாரு."

அங்கவடியின் தோல் கூட்டுக்குள் ஒரு பூட்ஸ் கோணலாக இறுகிக் கிடந்தது. இடக்கால் பூட்ஸ். குதிகால் பக்கம் தரையில் தேய்ந்து தேய்ந்து தோல் நார் நாராகக் கிழிந்திருந்தது.

ஹனோரா மண்டியிட்டாள். பூட்ஸுக்குள் விரலை விட்டாள். சர்க்கார் கொடுத்த பூட்ஸ் கார்னிக்கு எப்போதும் ஒரு சுற்றுப் பெரிது. தன் பழைய உள்பாவாடையைக் கிழித்து, சிவப்புக் கம்பளித் துணியை மடித்து உள்ளே அவள்தான் வைத்துத் தைத்திருந்தாள். விரலோடு அந்தச் சிவப்பு வந்தது.

"இழுத்துட்டுப் போயிருக்கு," என்றார் ஹௌக், அவள் முகத்தைப் பார்க்காமல். "மொத வேட்டுச் சத்தத்துல குதிரை மெரண்டிருக்கு. கால் மாட்டிக்கிச்சு. ஆளு கீழ விழுந்து... எவ்வளவு தூரம் போய்க் கால் உருவிக்கிச்சோ தெரியல."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆத்திரம். "ஏழு வருஷமா அவரு ஏறினது பெக்ங்கிற குதிரை. செம்பழுப்பு. பீரங்கி வெடிச்சாலும் காதை ஆட்டாது. அதைப் புடுங்கிட்டு இதை யாரு குடுத்தது?"

யார் கொடுத்தது என்று கோட்டைக்கே தெரியும். சண்டைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பத்திரிகைக்குப் படம் வரைகிறவன் ஒருத்தன் வந்து இறங்கினான். ஜெனரலுக்கு உடனே ஒரு யோசனை. கம்பெனிக்குக் கம்பெனி ஒரே நிறக் குதிரையாக நின்றால் படம் எடுப்பாக இருக்குமே! கறுப்பெல்லாம் ஏ கம்பெனிக்கு, செம்பழுப்பெல்லாம் பி கம்பெனிக்கு, சாம்பலெல்லாம் சி கம்பெனிக்கு. ஒரே பிற்பகலில் முந்நூறு பேருக்குக் குதிரை மாறியது. வருஷக்கணக்காகத் தீனி வைத்துத் தேய்த்து வளர்த்த குதிரையை முகம் தெரியாதவனிடம் விட்டுவிட்டு, பெரிய பெரிய மீசைக்காரர்கள் லாயத்துக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கார்னிக்கு வந்த சாம்பல் குதிரை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதது. துப்பாக்கிச் சத்தமே பழகாதது. இதில் பெரிய கூத்து, அந்தப் படம் கடைசியில் பத்திரிகையில் கறுப்பு மையில்தான் அச்சானது. எல்லாக் குதிரையும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

"ஆனா ஜெனரல் என்ன எழுதிக் குடுத்திருக்கார் தெரியுமா?" என்றார் ஹௌக். "குதிரை மாத்தினது ஜூலையிலயாம். மூணு மாசம் பழக நேரம் குடுத்தாராம். ஆபீஸ் காகிதம் பூரா தேதி மாத்தியாச்சு. ஆனா இத மாத்த முடியல பாரு." குதிரையின் முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். குளம்பில் சுட்ட எழுத்து தெரிந்தது: சி, பக்கத்தில் ஏழு. "கம்பெனி மாறினா அன்னைக்கே குளம்புல புது நம்பர் சுடணும். ரோமம் முடியுற கோட்டுலேர்ந்து சரியா ரெண்டு விரற்கடை கீழ. நான்தான் சுட்டேன். நகம் மாதிரி குளம்பு வளரும், நம்பரும் கூடவே கீழ எறங்கும். ஜூலையில சுட்டிருந்தா இந்நேரம் லாடத்துக்கே வந்திருக்கும். இது ஒரு விரற்கடை கூட எறங்கல."

ஹனோரா அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "இத ஜெனரல்கிட்ட காட்டுறேன்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

"ஒன்பது வருஷமா அந்த மனுஷன் சட்டையத் தோய்ச்சிருக்கேன், லோரன்ஸ். கார்னி செத்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா திருத்திடுவார்."

ஒன்பது வருஷம் சட்டையைத் துவைத்தும் அதற்குள் இருந்த ஆளை அவள் தெரிந்துகொள்ளவில்லை. வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவில் ஓர் ஆற்றைக் கடந்த சண்டையில்தான் தார்ன்பரி பெயர் எடுத்தார். ஆற்றில் இறங்கிச் செத்தது வேறொரு படை. இவர் சாவகாசமாகப் பின்னால் வந்து, ஈரம் காயாத கரையில் பத்திரிகைக்காரனுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றார். ஜெனரல் பதவிக்கான ஒரு நட்சத்திரம் தோளில் விழுந்தது. அது மரியாதைக்குக் கொடுத்த நட்சத்திரம். சண்டை முடிந்ததும் வாஷிங்டன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு கர்னல் ஆக்கிவிட்டது. கூப்பிடுவது மட்டும் ஜெனரல். அன்றிலிருந்து பதிமூன்று வருஷமாக அந்த நட்சத்திரத்தைத் துரத்துவதுதான் அவருக்கு உத்தியோகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பனிக்காலத்தில் நாணல் ஓடைக் கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழங்குடிக் கூடாரக் குடியிருப்பைச் சுட்டுப் பொசுக்கினார். இருநூறு வீரர்களை வென்றதாக எழுதினார். அங்கேயிருந்து திரும்பி வந்த கார்னி மூன்று நாள் சாப்பிடவில்லை. "துப்பாக்கி தூக்குற ஆளு பத்துப் பேர் கூட இல்ல, ஹனோரா. கெழடு கட்டைங்க, பொம்பளைங்க," என்றதோடு சரி. அப்போதே அவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பிற்பகலில் சட்டைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஜெனரல் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கும் மேஜர் ஜெனரல் ஏப்னர் விக்ஸ் அணிவகுப்பைப் பார்வையிடப் போகிறார். அவர் எழுதப் போகும் ஒரு கடிதத்தில்தான் அந்த நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹனோரா எல்லாவற்றையும் சொன்னாள். பூட்ஸ், சிவப்புத் துணி, குளம்பு. அவர் மெழுகு தடவிக்கொண்டே கேட்டார்.

"கார்னி நல்ல சிப்பாய்," என்றார் கடைசியில். "எனக்கும் வருத்தந்தான். ஆனா ரிப்போர்ட் போயாச்சும்மா. போன ரிப்போர்ட்டத் திருப்பி வாங்க முடியாது."

"திருத்தி ஒண்ணு எழுதலாமே, ஜெனரல் ஐயா."

"பதினோரு பேர் செத்திருக்காங்க. யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தானே ஆகணும்?"

"ஆமா. சொல்ல வேண்டியவரு சொல்லட்டும்."

அவர் மெழுகு டப்பாவை மூடினார். "இங்க பாரு, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. சனிக்கிழம நீ போக வேண்டாம். உன் வேலை, உன் வீடு, எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த பூட்ஸ மட்டும் எங்கிட்ட குடுத்துடு. பழைய தோலை வச்சு நீ என்ன பண்ணப் போற? குதிரை மாத்தினது ஜூலையிலதான். காகிதம் இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரியாமல் எழுதியவர் இல்லை. தெரிந்து, யோசித்து, வாய் பேச முடியாத ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து எழுதியவர்.

"காகிதத்துல நீங்க எந்த மாசம் வேணா போட்டுக்கலாம்," என்றாள். "குளம்பு அது பாட்டுக்கு வளருது. உங்க உத்தரவக் கேட்டு நிக்கல." சட்டைக்கூடையை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு சட்டையும் கஞ்சி விறைப்போடு தரையில் கிடந்தன.

ஒரு மணி நேரத்துக்குள் ஹௌக்குக்கு உத்தரவு வந்தது. சாம்பல் குதிரைக்குத் தொற்றுநோய், காலை அணிவகுப்புக்கு முன்னால் சுட்டுவிட வேண்டும், சேணத்தையும் எரிக்க வேண்டும். இருபது வருஷத்தில் எத்தனையோ நோய்க் குதிரையைப் பார்த்த அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் ஹனோரா.

"சுட முடியாது. துப்பாக்கிச் சத்தம்தான் அதுக்கு ஆகாதே," என்றார் ஹௌக். சிரிக்கவில்லை. "என் பதவிப் பட்டை போயிடும். போகட்டும். நீ சொல்லு, என்ன செய்யணும்?"

அவள் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தெக்லாவின் கதவைத் தட்டினாள். தெக்லா கதவைத் திறந்ததும் ஹனோரா பூட்ஸை நீட்டினாள். "அவரு ஓடல, தெக்லா. இழுத்துட்டுப் போயிருக்கு. குதிகாலப் பாரு."

தெக்லா பார்த்தாள். பூட்ஸை வாங்கி, கிழிந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த சிவப்புத் துணியையும் பார்த்தாள். அந்த உள்பாவாடையை எத்தனை தடவை அந்தத் தொட்டியில் அலசியிருப்பாள்! பிறகு பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மைதானத்தில் முந்நூறு குதிரைகள் நிறம் நிறமாக நின்றன. கறுப்பு, செம்பழுப்பு, சாம்பல். ஜெனரல் தார்ன்பரி புதுச் சட்டையில், கிழவர் விக்ஸுக்குப் பக்கத்தில் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விக்ஸ் வயதான குதிரைப்படைக்காரர். பனியில் வெந்து ஒரு காது பாதி போனவர். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாயத்து வாசலில் ஹௌக் சேணத்தை இறுக்கிக் கட்டினார். இடது அங்கவடியில் கார்னியின் பூட்ஸைக் குதிகால் முன்னால் வரும்படி திருப்பி மாட்டினார். வலது அங்கவடி வெறுமையாக ஆடியது. ஹனோரா கடிவாளத்தைப் பிடித்து இரண்டடி வைத்திருப்பாள்.

"நில்லுடி!"

தெக்லா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் ஒரு வலக்கால் பூட்ஸ், அன்டனுடையது, எண்ணெய் போட்டுப் பளபளவென்று. "ஒத்தக் கால் பூட்ஸோட எவனாவது அடக்கத்துக்குப் போவானா?" என்று திட்டுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு, அதை வலது அங்கவடியில் திருப்பி மாட்டினாள். மாட்டி முடித்ததும் ஹனோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "என் வாய்ல புழுதான் விழணும். துணிய மிதிச்சேனே."

"அழாத. இப்ப வேண்டாம்," என்றாள் ஹனோரா. "எங்கூட நட."

இரண்டு பெண்கள், நடுவில் ஒரு மெலிந்த சாம்பல் குதிரை. மைதானத்தில் நுழைந்ததும் ஜெனரலின் முகம் அவருடைய காலரை விட வெளுத்தது. "யார் இத உள்ள விட்டது? வெளிய அனுப்பு!" என்று கத்தினார். எவனும் அசையவில்லை.

சி கம்பெனியின் மூத்த சார்ஜென்ட் மைலோ ஸ்டாக் அந்த பூட்ஸைப் பார்த்தார். கிழிந்த குதிகாலைப் பார்த்தார். குதிரைக்காரனுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தவர், குதிரை மாறியது என்றைக்கு என்று தெரிந்தும் சண்டைக்குப் பிறகு நடந்த விசாரணையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவர், யாருடைய உத்தரவும் இல்லாமல் வாளை உருவி முகத்துக்கு நேரே நிமிர்த்தினார். அவர் பின்னால் சி கம்பெனி முழுக்க வாள்கள் உருவுகிற சத்தம். அப்புறம் பி, அப்புறம் ஏ.

விக்ஸின் கை பழக்கத்தில் தானாகத் தொப்பிக்குப் போயிருந்தது. "யாருக்கு அடக்கம்?" என்று கேட்டார்.

ஜெனரல் வாயைத் திறக்குமுன் ஹனோரா சொன்னாள்: "சார்ஜென்ட் கார்னி டுவோமிக்கு, ஐயா. ஓடிப்போனவன்னு எழுதி அனுப்பினாங்களே, அவருக்கு. ஓடல. சத்தமே பழகாத குதிரை மேல மொத நாள் ஏத்தி அனுப்பினாங்க. அது இழுத்துட்டுப் போயிடுச்சு. நம்பலன்னா குளம்பப் பாருங்க."

"பைத்தியக்காரி பேச்சு," என்றார் ஜெனரல். "குதிரைங்கள மாத்தினது ஜூலையில. பதிவு இருக்கு."

விக்ஸ் பதில் சொல்லாமல், முனகிக்கொண்டே கீழே இறங்கினார். சாம்பல் குதிரையின் காலை ஒரு லாடக்காரனைப் போல லாகவமாகத் தூக்கி, ரோமக் கோட்டிலிருந்து நம்பர் வரை விரலை வைத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். காலை மெதுவாகக் கீழே விட்டார்.

"ஜூலையா, லுஷியஸ்?" என்றார்.



அந்த நட்சத்திரம் தார்ன்பரிக்குக் கடைசியில் கிடைத்ததா என்றால், கிடைத்தது. மூன்று வருஷம் தாமதமாக, வாஷிங்டனில் ஆட்கள் மாறி, விக்ஸும் செத்த பிறகு. பிற்பாடு தார்ன்பரி எழுதிய தடித்த புத்தகத்தில் முள்மேட்டுச் சண்டைக்கு ஒரே ஒரு பக்கம். அதில் கார்னி ஓடியதாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. பெயரே இல்லை. உலகம் இப்படித்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு வழிவிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பதிவேட்டில் 'ஓடிப்போனவன்' என்ற வார்த்தையை விக்ஸ் அன்றே அடித்து, 'கடமையில் மாண்டான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹனோரா சனிக்கிழமை வண்டியில் ஏறவில்லை. அவ்வளவு மட்டும் நடந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. விக்ஸ் திரும்பிக் குதிரையில் ஏறி, "ஊர்வலம் போகட்டும்," என்று சொல்லிக் கையைத் தொப்பிக்கு உயர்த்தியதைத்தான் பார்த்தாள். மேலதிகாரி கையை உயர்த்திவிட்டார். முந்நூறு பேர் வாளை நிமிர்த்திவிட்டார்கள். ஜெனரல் தார்ன்பரி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவருடைய கையும் மேலே போனது.

குதிரை கடந்துபோகிறவரை அதை இறக்கக் கூடாது.

ஹனோரா மெதுவாக நடத்தினாள். சரியாக ஜெனரலின் முன்னால் வந்ததும் நின்றாள். கடிவாளத்தை தெக்லாவிடம் கொடுத்தாள். குனிந்து, தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, முதல் துளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்து, நிதானமாகத் திரும்பக் கட்டத் தொடங்கினாள்.